கல்லூரி கல்லூரியாக வந்த ஃபேஸ்புக் - மனச்சோர்வின் 20 வருடக் கதை

"எந்நேரமும் அந்த ஃபோனையே பார்த்துட்டு இருந்தா மண்டை என்னத்துக்கு ஆகும்?"

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் நம் வகுப்பில் ஒருவர்கூட இருக்க மாட்டார். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இவர்கள் சொல்வது நிஜமா? இல்லை, ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறையைப் பார்த்துப் பாடும் பழைய பாட்டா? சமூக வலைத்தளங்களில் மூழ்கிக் கிடப்பதால் பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு வருகிறது என்று தினமும் யாராவது சொல்கிறார்கள். சரி, நடந்ததை வருட வரிசையில் வைத்துப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய பயம்

இந்த விஷயத்தில் பெரியவர்கள் ஏற்கனவே ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறார்கள். 1954-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். காமிக்ஸ் படிப்பதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போய்க் குற்றவாளிகள் ஆகிறார்கள் என்பது அவர் வாதம். அமெரிக்காவே பதறிப்போனது. அந்த வருடமே செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. காமிக்ஸ் பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை வைத்துக்கொண்டார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு கேரல் டில்லி என்ற பேராசிரியர் வெர்தாமின் சொந்தக் குறிப்புகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். 2012-ல் அவர் வெளியிட்ட கட்டுரை சொன்ன செய்தி என்ன தெரியுமா? வெர்தாம் தன் வாதத்துக்கு வசதியாகப் பிள்ளைகள் சொன்னதை மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருக்கிறார்!

ஆகவே "இதனால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது, ஆதாரம் கேட்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு 2004-க்குப் போவோம்.

ஹார்வர்டில் தொடங்கியது

2004 பிப்ரவரி 4-ந் தேதி, ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸக்கர்பெர்க் தன் விடுதி அறையிலிருந்து 'தஃபேஸ்புக்' என்ற தளத்தைத் தொடங்கினார். அப்போது அது ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும். அடுத்த மாதமே கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல். பிறகு ஒவ்வொரு கல்லூரியாகக் கதவு திறந்தது. உங்கள் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் உள்ளே போக முடியும். 2005-ல் பள்ளி மாணவர்களையும் சேர்த்தார்கள். 2006 செப்டம்பரில் 13 வயதான யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஆனது. (நம் ஊர் அண்ணன்களும் அக்காக்களும் அந்த நாட்களில் ஆர்குட்டில் இருந்தார்கள். அதுவும் 2004-ல் வந்ததுதான், 2014-ல் மூடிவிட்டார்கள்.)

ஃபேஸ்புக் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே நாளில் போகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

தெரியாமல் நடந்த பரிசோதனை

சமூக வலைத்தளத்தால் மனச்சோர்வு வருகிறது என்று நிரூபிப்பது ஏன் கஷ்டம்? அதிக நேரம் தளத்தில் இருப்பவர்களில் சோர்ந்தவர்கள் அதிகம் என்று ஒருவர் கணக்குக் காட்டலாம். ஆனால் சோர்ந்து போனவர்கள்தானே வெளியே போகாமல் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று இன்னொருவர் திருப்பிக் கேட்கலாம். இரண்டும் ஒரே கணக்குத்தான். எது முதலில் வந்தது என்று அதில் தெரியாது.

மருந்தைச் சோதிப்பது போல பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்த்தால் தெரியும். ஒரு நாடு முழுக்க அப்படிச் செய்ய யாரால் முடியும்? ஃபேஸ்புக் தனக்கே தெரியாமல் அதைச் செய்துவிட்டது! சில கல்லூரிகளுக்கு முதலில் வந்தது, சிலவற்றுக்குத் தாமதமாக வந்தது. அதே வருடங்களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் உடல்நலம், மனநலம் பற்றிய ஒரு பெரிய கணக்கெடுப்பும் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

லூகா பிராகியேரி, ரோயி லெவி, அலெக்ஸி மகாரின் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நாட்டில் பொதுவாக ஏதாவது மாறியிருந்தால் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றாக மாறியிருக்க வேண்டும். ஃபேஸ்புக் வந்த இடத்தில் மட்டும், வந்த பிறகு மட்டும் மாறியிருந்தால்? 2022-ல் அவர்கள் முடிவு வெளியானது. ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளில் கடும் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 7 சதவீதம் கூடியிருந்தார்கள். பதற்ற நோய் இருப்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தார்கள். மனநிலை காரணமாகப் படிப்பு பாதித்தது என்று சொன்னவர்களும் கூடியிருந்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் உறைத்தது வேறொன்று. அந்தக் காலத்து ஃபேஸ்புக்கில் என்ன இருந்தது? லைக் பட்டன் இல்லை. வீடியோ ஓடவில்லை. முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போகும் பக்கம் இல்லை. கையில் ஸ்மார்ட்ஃபோனும் இல்லை. மாணவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்கே இந்தப் பாதிப்பு!

காரணம் என்ன என்றும் அவர்கள் தேடினார்கள். கிடைத்த பதில்: ஒப்பிட்டுப் பார்ப்பது. ஃபேஸ்புக் வந்த பிறகு, கூடப் படிப்பவர்கள் நிறையக் குடிக்கிறார்கள், கொண்டாட்டமாக இருக்கிறார்கள் என்ற எண்ணம் மாணவர்களிடம் கூடியது. உண்மையில் தாங்கள் குடிப்பதாகச் சொன்ன அளவில் பெரிய மாற்றம் இல்லை. அதாவது எல்லோரும் முன்பு போலத்தான் இருந்தார்கள். ஆனால் "நம்மைத் தவிர எல்லோரும் ஜாலியாக இருக்கிறார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். விடுமுறை முடிந்து வந்து ஸ்டேட்டஸ் பார்க்கும் நமக்கு இது புதிதா என்ன?

மேஜையிலிருந்து பைக்கு

2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் 'நியூஸ் ஃபீட்' கொண்டுவந்தது. அதுவரை நாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு அதுவே நம் முன்னால் வந்து கொட்டியது. வேடிக்கை என்னவென்றால், முதலில் மாணவர்களே லட்சக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2007-ல் ஐஃபோன் வந்தது. 2009 பிப்ரவரியில் லைக் பட்டன் வந்தது. அதுவரை நட்பை எண்ணிப் பார்க்க முடியாது, அன்று முதல் அதற்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. 2010-ல் முன்பக்கக் கேமராவோடு ஐஃபோன் 4 வந்தது, அதே வருடம் அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. 2012-ல் ஃபேஸ்புக் 100 கோடி டாலர் என்று விலை பேசி இன்ஸ்டாகிராமை வாங்கியது.

பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்கப் பதின்ம வயதினரில் ஸ்மார்ட்ஃபோன் வைத்திருந்தவர்கள் 2011-ல் 23 சதவீதம். 2018-ல் ஸ்மார்ட்ஃபோன் வைத்திருந்தவர்களும் கையில் எடுத்துப் பார்க்க ஒன்று கிடைத்தவர்களும் 95 சதவீதம். ஏழே வருடம்!

இன்னொரு கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பள்ளி மாணவர்களிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கிறது. தொடர்ந்து சோகமாக, நம்பிக்கை இழந்து இருந்ததாகச் சொன்னவர்கள் 2011-ல் 28 சதவீதம், 2021-ல் 42 சதவீதம். பெண் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் 36-லிருந்து 57 சதவீதம். 2023-ல் கொஞ்சம் இறங்கிப் பெண்களில் 53 சதவீதம் ஆனது.

அறிஞர்கள் சண்டை

இரண்டு கோடும் ஒன்றாக ஏறுகிறதே, முடிந்தது கதை என்று நினைக்கலாம். உளவியல் பேராசிரியர் ஜீன் ட்வெஞ்ச் 2017-ல் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். ஜோனதன் ஹைட் 2024-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனால் 2019-ல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெரிய பெரிய கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்துவிட்டு, இளையோரின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிகள் விளக்குவது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு வருகிறதாம்! 2021-ல் கொரோனாவும் இருந்தது, அதையும் மறக்கக் கூடாது.

இரண்டு பக்கமும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இது. சராசரி என்பது பாதிக்கப்படாத பலரையும், மோசமாகப் பாதிக்கப்பட்ட சிலரையும் கலந்து கொடுக்கும் எண். கிணற்றின் சராசரி ஆழம் இடுப்பளவுதான் என்று சொல்லி நீச்சல் தெரியாதவனைத் தள்ளிவிட முடியுமா? கல்லூரி ஆய்விலும், ஏற்கனவே மனம் பலவீனமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று வந்தது.

தெரிந்திருந்தும்...

2021-ல் ஃபேஸ்புக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' அவற்றைப் பிரசுரித்தது. தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்த பெண் பிள்ளைகளில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியது என்று சொன்னதாக நிறுவனத்தின் சொந்த ஆய்வே பதிவு செய்திருந்தது. ஆவணத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், பல விஷயங்களில் இன்ஸ்டாகிராம் உதவியது என்று சொன்ன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள் என்பது நிறுவனத்தின் பதில். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிட்டனில் 2017-ல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். 2022-ல் மரண விசாரணை நடந்தது. அவள் தேடாமலே, தளங்களின் கணக்கீட்டு முறையே சோகத்தையும் சுயதீங்கையும் பற்றிய பதிவுகளை அவளுக்குத் தொடர்ந்து காட்டியிருக்கிறது என்பது அங்கே வெளிவந்தது. மனச்சோர்வோடு, இணையத்தில் பார்த்தவற்றின் பாதிப்பும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. 0.4 சதவீதம் என்ற எண்ணுக்குள் இப்படியும் ஒரு வீடு இருக்கிறது.

13 வயது எங்கிருந்து வந்தது?

கணக்குத் தொடங்க 13 வயது வேண்டும் என்கிறார்களே, இது டாக்டர்கள் யோசித்துச் சொன்ன வயது என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை! 1998-ல் அமெரிக்கா பிள்ளைகளின் தகவல்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டது. அதை முன்னெடுத்த எட் மார்க்கி முதலில் கேட்டது 16. பேரம் பேசிப் பேசி 13-ல் வந்து நின்றது. அன்று ஃபேஸ்புக்கும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. மனநலம் அந்தச் சட்டத்தின் நோக்கமும் இல்லை. உலகம் முழுக்க அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் 16 வயது என்று சட்டம் இயற்றியது, 2025 டிசம்பர் 10 முதல் அது அமலுக்கு வந்தது. பலன் எப்படி என்பதை வருங்காலம்தான் சொல்ல வேண்டும்.

நாம் என்ன செய்வது?

"நீ மட்டும் விட்டுவிடு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. அது ஏன் நடப்பதில்லை என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2023-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நான்கு வாரம் இன்ஸ்டாகிராமை நிறுத்த எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் அதிலேயே இருக்கும்போது நான் மட்டும் நிறுத்த வேண்டுமானால் சராசரியாக 47 டாலர் கொடுங்கள் என்றார்கள். சரி, எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால்? தாங்களே 10 டாலர் கொடுக்கத் தயார் என்றார்கள்! டிக்டாக்குக்கும் இதே கதைதான்.

இதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. யாருக்கும் பிடிக்காத கல்யாணத்தில் மற்றவர்கள் இருக்கிறார்களே என்று எல்லோரும் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது நிலைமை. தனியாக எழுந்து போனால் ஒதுக்கப்படுவோம் என்ற பயம்.

அப்படியானால் வழியும் அதிலேயே இருக்கிறது. தனியாக விடுவது கஷ்டம் என்றால் ஒரு நண்பர் கூட்டமாக விடலாம். இரவு பத்து மணிக்கு மேல் குழுவில் யாரும் எதுவும் போடக் கூடாது என்று ஐந்து பேர் சேர்ந்து முடிவு செய்தால், ஐந்து பேருக்கும் எதையும் தவறவிட்ட உணர்வு வராது. தூக்கமும் மிச்சம்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காமிக்ஸ் விஷயத்தில் பெரியவர்கள் சொன்னது தப்பு. இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வதில் பாதி சரி. மண்டை கெட்டுப்போகும் என்பது மிகை. ஆனால் அடுத்தவரின் நல்ல நாட்களை நம் சாதாரண நாட்களோடு ஒப்பிட வைக்கும் ஒரு இயந்திரம் சிலரை நிஜமாகவே நோகடிக்கிறது. 2004-லேயே அது தெரிந்துவிட்டது, நாம் கணக்குப் பார்க்கத்தான் தாமதம்.

மனம் ரொம்பக் கனமாக இருந்தால் யாரிடமாவது பேசுங்கள், நண்பர்களே. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம்தான், தமிழிலும் பேசலாம். அங்கே பேசத் தயக்கமாக இருந்தால் பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் பேசுங்கள். அவரும் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்து, நீங்கள் மட்டும் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.