மகிழ மரத்திற்குச் சடாரி: திருமலை நந்தவனமும் ஒரு தோட்டக்காரரின் குடிவழியும்

சந்திரகிரி என்றதும் கோட்டையும் ராஜமகாலுமே நினைவுக்கு வருகின்றன. அங்கிருந்து ஆண்ட அரசகுலங்கள் மறைந்துவிட்டன. அதன் அண்டையிலுள்ள திருமலையிலோ, தோட்டம் அமைத்த ஒருவரின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆண்டுதோறும் முன்னோரின் தோட்டத்தில் கூடித் திவ்வியப் பிரபந்தம் ஓதுகின்றனர். குடிவழி உரிமையை அரசப் பட்டயங்களைக் கொண்டே அளக்கும் நம் வழக்கத்தை இத்தோட்டம் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

குருபரம்பரை மரபின்படி, திருவேங்கடத்தைப் போற்றும் திருவாய்மொழிப் பாசுரங்களுக்கு இராமானுசர் பொருள் உரைத்தபோது, மலைமேல் தங்கி மலர்த்தொண்டு செய்ய வல்லார் யார் என வினவினார். எழுந்து நின்றவர் அனந்தாழ்வான். அவர் மலையேறி ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்து, அதற்கு ஆசிரியரின் பெயரையே சூட்டினார். கருவுற்றிருந்த மனைவியும் உடன் மண் சுமந்தார் என்பர். உதவ வந்த சிறுவன்மீது அவர் வீசியதாகச் சொல்லப்படும் கடப்பாரை கோயில் வாயிலில் இன்றும் காட்சிக்கு உள்ளது.

இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் அது நினைவில் நிறுத்துவது கொடையை அன்று, உழைப்பை. நிலத்தை ஒருமுறை தானம் செய்துவிடலாம். தோட்டத்தை நாள்தோறும் பேண வேண்டும். தொண்டு குடிவழியாவதற்கு இத்தேவையே அடிப்படை. திருமலை நம்பியின் தீர்த்தத் தொண்டு அவர் மரபினரான தோழப்பர்களிடம் தொடர்வதும் இவ்வகையினதே.

குருதியுறவு மட்டுமே வழியாக இருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் சந்திரகிரியிலிருந்து ஆண்டு, 1485இல் விசயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர் காலத்தில், கந்தாடை இராமானுச ஐயங்காரின் சீடர்களான சாத்தாத வைணவர்கள் நந்தவனப் பணியில் ஈடுபட்டனர். பிராமணரல்லாத அவர்களுக்குச் சீடமரபே உரிமைக்கு வழியாயிற்று.

பிரம்மோற்சவம் நிறைவுற்ற மறுநாள் பெருமாள் தேவியருடன் வழக்கமான வலம் விடுத்து இடமாகச் சுற்றி அனந்தாழ்வான் தோட்டத்திற்கு எழுந்தருளுகிறார். அங்குள்ள மகிழ மரத்திற்குச் சடாரி மரியாதை அளிக்கப்படுகிறது. மகிழ மாலை அணிந்தவராகப் போற்றப்படும் நம்மாழ்வாரின் பாசுரத்தில் தொடங்கிய தொண்டு, மகிழ மரத்தடியில் மரியாதை பெறுகிறது. இவ்விழாவின் பெயர் 'பாக் சவாரி'. தோட்டத்தைக் குறிக்கும் 'பாக்', ஊர்தியில் செல்வதைக் குறிக்கும் 'சவாரி' இரண்டும் பாரசீகச் சொற்கள். ஆட்சிமொழிகள் மாறிய காலங்களையும் இச்சடங்கு கடந்து வந்தமைக்கு அப்பெயரே தடயம்.

கோயில் நிருவாகம் 1843இல் கும்பினியாரிடமிருந்து ஹாதிராம்ஜி மடத்திற்கும், 1933இல் தேவஸ்தானத்திற்கும் மாறியது. மலையின் தோட்டங்களை இன்று தேவஸ்தானத்தின் தோட்டத்துறை பேணுகிறது. மண்வெட்டி கைமாறிய பின்னும் நினைவுரிமை குடும்பத்திடம் நிலைக்கிறது. உழைப்பு, உரிமை, நினைவு ஆகிய மூன்றும் ஒன்றாகப் பிறந்து தனித்தனியே பிரியக்கூடியவை. கோயிற் கல்வெட்டுகளில் கொடையாளர் பெயர்களைத் தொகுக்கும் நம் மாணவர்கள், நீர் இறைத்தோரையும் பூக்கொய்தோரையும் அதே கவனத்துடன் தேட வேண்டும்.