டிரைவரோடு முடிந்துபோகும் வழக்குகள்

கூலி வேலைக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற லோடு வண்டி கவிழ்ந்தால், மறுநாள் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி வருகிறது: 'ஓட்டுநர் கைது'. வண்டி யாருடையது, அந்தப் பெண்களை வேலைக்கு அழைத்தது யார், சரக்கு ஏற்றும் வண்டியில் ஆட்களை நெருக்கி நிற்கவைத்தது யார் என்பதெல்லாம் செய்தியில் இருப்பதில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது, பல இடங்களில் எங்களுக்கு முன்பே மேஸ்திரி வந்து போயிருப்பார். காரியச் செலவுக்கென்று கொஞ்சம் பணம், ஒரு வெள்ளைத்தாளில் கைநாட்டு. கூடவே ஒரு சமாதானம்: "டிரைவர் செஞ்ச தப்புக்கு முதலாளி என்னம்மா பண்ணுவாரு?"

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இருநூறு வயது. இதற்கு எதிராகக் கிடைத்த சட்டங்களின் வரலாற்றை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1808-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரைக் கோச்சு கவிழ்ந்தது. அதில் அடிபட்ட ஒரு பெண் பிறகு இறந்துபோனார். கணவர் வழக்குப் போட்டார். ஒரு மனிதரின் சாவை நஷ்டமாகக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் ஈடு கேட்க முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ. கால் ஒடிந்தால் பணம் உண்டு, உயிர் போனால் கிடையாது. அடித்துப் போடுவதைவிடக் கொன்றுபோடுவது மலிவு என்பதே அன்றைய சட்டம்.

1837-இல் இன்னொரு வழக்கு. ஒரு கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்தவர், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டியில் அனுப்பப்பட்டார். வண்டி உடைந்தது, அவருடைய தொடை எலும்பு முறிந்தது. நடுவர் குழு 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆபத்து என்று தெரிந்தால் வேலைக்காரர் அந்த வண்டியில் போக மறுத்திருக்கலாமே என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தத் தீர்ப்பிலிருந்துதான், உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவால் தொழிலாளி அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை என்ற கொள்கை வளர்ந்தது. தெருவில் போகிற அந்நியர்மீது வண்டி ஏறினால் எசமான் பதில் சொல்ல வேண்டும். அதே வண்டியில் தான் ஏற்றிவிட்ட கூலியாள் செத்தால் பதில் சொல்ல வேண்டாம். இங்கிலாந்தில் இந்தக் கொள்கை முழுதாக ஒழிய 1948 வரை ஆனது.

'மறுத்திருக்கலாமே' என்ற சொல்லை நாங்கள் இன்றும் கேட்கிறோம். நாளை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்த ஒரு பெண் எந்த வண்டியில் ஏற மறுக்க முடியும்?

ரயில் வந்து சாவுகள் பெருகிய பிறகு, 1846-இல் இங்கிலாந்திலும் 1855-இல் இந்தியாவிலும் உயிரிழப்புக்கு ஈடு கேட்கும் சட்டங்கள் வந்தன. மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் வழக்குத் தொடரலாம். ஆனால் பிறர் தவற்றை நிரூபிக்க வேண்டும், நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். நிலமில்லாத குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது நேர்ந்த விபத்து என்றாலே முதலாளி பொறுப்பு என்றது. காண்டிராக்டர் வைத்த ஆளாக இருந்தாலும், தன் தொழிலுக்காக அந்த வேலையைக் கொடுத்தவரிடம் கேட்கலாம் என்றது. ஆனால் முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் தற்காலிகமாக வேலை செய்பவர்களை அது வெளியே நிறுத்தியது. அந்த விலக்கு 2000-இல்தான் நீக்கப்பட்டது.

சாலையில் 1946 முதல் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமானது. 1956-இன் திருத்தம், விபத்து இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தது.

அரசே முதலாளி என்றால்? 1952-இல் உதய்ப்பூரில், பழுது பார்த்துத் திரும்பிய கலெக்டரின் ஜீப், சாலையோரம் நடந்துபோனவர்மீது மோதியது. மூன்று நாளில் அவர் இறந்தார். மனைவியும் சிறு பெண் குழந்தையும் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் டிரைவரை மட்டும் கட்டச் சொன்னது. உயர் நீதிமன்றம் அரசும் பொறுப்பு என்றது. அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றம்வரை போனது. 1962-இல் வித்யாவதி வழக்கில், மற்ற முதலாளிகளைப் போலவே அரசும் தன் ஊழியரின் கவனக்குறைவுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. 15,000 ரூபாய்க்காக அந்தப் பெண் பத்தாண்டு நடந்தார்.

டிரைவரை மட்டும் கட்டச் சொல்வதன் பொருளை நாம் யோசிக்க வேண்டும். பல வண்டிகளில் டிரைவரும் நம் தெருப் பிள்ளைதான். அவரிடம் வாங்க ஒன்றுமில்லை. வண்டியால் லாபம் பார்ப்பவர், டிரைவரைத் தேர்ந்தெடுத்தவர், எத்தனை நடை அடிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் உரிமையாளர். அதனால்தான் சட்டம் அவரைப் பிடிக்கிறது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டி உரிமையாளரே வைத்திருக்கும் சுமைதூக்கும் தொழிலாளி என்றால் காப்பீடு உண்டு. பண்ணையாரோ மேஸ்திரியோ வாடகை வண்டியில் ஏற்றிய களையெடுக்கும் பெண் என்றால், அவர் வெறும் பயணி. காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சில வழக்குகளில் உத்தரவிட்டார்கள். எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. பேருந்து வராத காலனியிலிருந்து லோடு வண்டியில் போகிறவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். ஈட்டைக் கணக்கிடுவதும் வருமானத்தை வைத்துத்தான். குறைந்த கூலி கொடுத்தவரே, அந்தக் கூலியைக் காட்டி உயிரையும் குறைத்து மதிப்பிடுகிறார்.

எனவே சில விஷயங்களைக் கறாராகச் சொல்கிறோம். வெள்ளைத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். சட்டப்படி, சாவுக்கான ஈட்டை முதலாளி அதற்குரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதக் கூலிக்கு மிகாத முன்பணம் தவிர, வீட்டில் நேராகக் கொடுத்தது ஈட்டில் சேராது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தமும் செல்லாது. முதலாளியின் பொறுப்பு என்ற அடிப்படை 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. போலீசில் வாக்குமூலம் கொடுக்கும்போது, யார் வேலைக்கு, யார் அழைத்து, யார் வண்டியில் போனோம் என்ற மூன்றையும் சொல்லி எழுதவையுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போக 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தாலும், அதற்கு மேல் காத்திருக்காதீர்கள்.

அடுத்த முறை மேஸ்திரி வந்து அதே கேள்வியைக் கேட்டால், பதில் சொல்ல அந்த வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.