சோனி எரிக்சன் பி1ஐ: எறிய முதல் பார்க்க வேண்டியவை

2007இல் வெளிவந்த பி1ஐ, முதல் ஐபோன் வந்த அதே ஆண்டின் திறன்பேசி. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஒன்றை ஊர்காவற்றுறையில் ஒரு குடும்பம் இன்னும் வைத்திருக்கிறது. அதைப் பரிசோதித்தேன்.

விசைப்பலகை: 20 விசைகள் மட்டுமே. எழுத்து விசையின் இடப்பக்கத்தை அழுத்தினால் ஓர் ஆங்கில எழுத்து, வலப்பக்கத்தை அழுத்தினால் அடுத்தது. முதலில் பெருவிரல் தடுமாறும். பழகினால் வேகம் வரும்.

தொடுதிரை: 2.6 அங்குலம். அழுத்தத்தை உணரும் வகை என்பதால் பேனாவுக்கும் நகத்துக்கும் நன்றாக இயங்குகிறது. விரல் நுனிக்கு அவ்வளவாக இல்லை.

தமிழ்: விசைகளில் இல்லை. தமிழில் அனுப்பினாலும் ஒரு குறுஞ்செய்தியில் 70 இடங்களே கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கு 160. ‘ஊர்காவற்றுறை’ என்ற சொல்லே 12 இடம் பிடிக்கும். யுத்தகாலத்தில் ‘சுகமா, எங்கே இருக்கிறீங்கள்’ என்ற கேள்விகூட ஆங்கில எழுத்திலேயே போனதற்கு இவையும் காரணம்.

இன்று இக்கருவியின் பெறுமதி அந்தச் செய்திகள்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பத்துக்கு ஒரு செய்தியின் திகதியும் இலக்கமும்கூட முக்கியம். ஆகவே:

• பற்றரி ஊதியிருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள். பிஎஸ்டி-40 என்ற வகையைத் தேடிப் போடுங்கள்.

• கருவியை ‘ரீசெட்’ செய்யவே வேண்டாம்.

• ஒவ்வொரு செய்தியையும் இலக்கம், திகதி, நேரம் தெரியத் திறந்து, வேறு தொலைபேசியால் படமெடுங்கள்.

• எம்2 நினைவட்டையில் உள்ள படங்களைத் தனியாகப் பிரதி எடுங்கள். கருவியின் உள்நினைவகத்தையும் பார்க்க மறவாதீர்கள்.