பெருவிரலும் பத்து விரல்களும்: எல்லைக் காவலில் கைரேகையின் வரலாறு

எல்லையில் ஒருவரின் கைரேகையைக் கேட்பதற்கு இரண்டு நோக்கங்கள் இருக்க முடியும். கையிலிருக்கும் ஆவணத்துக்கு உரியவர் இவர்தானா என்று சரிபார்ப்பது ஒன்று. இவர் யார் என்பதை, ஏற்கெனவே சேர்த்துவைத்த லட்சக்கணக்கான பதிவுகளுக்குள் தேடிப் பார்ப்பது மற்றொன்று. முதலாவதற்கு ஒரு விரல் போதும். ரேகை பயணியின் ஆவணத்திலேயே இருந்தாலும் போதும். இரண்டாவதற்குப் பல விரல்கள் வேண்டும், மையக் கிடங்கு வேண்டும், ரேகையை நெடுங்காலம் வைத்திருக்கவும் வேண்டும். எல்லைப் பாதுகாப்பில் பயோமெட்ரிக் தரவின் வரலாறு, முதலாவதாகச் சொல்லப்பட்டது இரண்டாவதாக மாறிய வரலாறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தனியுரிமைக்கான ஆபத்து தொடங்குவதும் அந்த மாற்றத்தில்தான்.

1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்கான சரளைக் கற்களைத் தர ஒப்பந்தம் செய்துகொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை மை தடவி ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். 1877இல் ஹூக்ளியில் நீதிபதியாக இருந்தபோது ஓய்வூதியம் வாங்குவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் விரல் ரேகை வாங்கினார். இறந்தவர் பெயரில் இன்னொருவர் ஓய்வூதியம் வாங்கிவிடக் கூடாது. கையெழுத்திட்டவர் பின்னால் மறுக்கக் கூடாது. இது முழுக்கச் சரிபார்ப்பு மட்டுமே.

தேடும் வழி பிறந்தது கல்கத்தாவில். வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு வங்காளக் காவல் அதிகாரிகள் பத்து விரல்களையும் எண்ணாக மாற்றும் முறைக்கு உருவம் கொடுத்தார்கள். இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். விரல்களை இரண்டிரண்டாக ஐந்து இணைகளாகப் பிரிப்பார்கள். ஒரு விரலில் சுழி இருந்தால் முதல் இணைக்கு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1 என்று மதிப்பு. சுழி இல்லாத விரலுக்கு மதிப்பில்லை. ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பு மேலேயும் மற்றதன் மதிப்பு கீழேயும் சேர, இரண்டு கூட்டுத்தொகைகளோடும் ஒன்றைக் கூட்டினால் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32 வகை, கீழே 32 வகை. மொத்தம் 1,024 அறைகள். பெயரைச் சொல்ல மறுப்பவரின் பத்து விரல்களையும் பதித்துவிட்டால், அலமாரியின் எந்த அறையில் தேடுவது என்று எழுத்தர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். பெருவிரல் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. பெயரை மறைக்கும் பழங்குற்றவாளிக்கென உண்டான முறை இது. 1897இல் பிரிட்டிஷ் இந்தியா இதை ஏற்றது. 1901இல் ஸ்காட்லாந்து யார்டு ஏற்றது.

இந்த முறை குற்றவாளிகளைத் தாண்டி, எல்லை கடக்கும் ஓர் இனத்தார் மீது பாய்ந்த இடம் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால். 1900இல் ஹென்றியே அங்கு சென்று ஜொஹானஸ்பர்க் காவல்துறையை அமைத்துக் கொடுத்தார். 1906 ஆகஸ்டில் வெளியான ஆசியர் சட்ட வரைவு, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் பதிவு செய்துகொண்டு விரல் ரேகைகளைக் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. காவலர் கேட்ட இடத்தில் அதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல். அண்டைப் பகுதியான நேட்டாலிலிருந்து இந்தியர்கள் கள்ளத்தனமாக நுழைகிறார்கள் என்பதே அரசு சொன்ன காரணம். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று எம்பயர் தியேட்டரில் கூடிய கூட்டம் பணிய மறுத்துச் சூளுரைத்தது. பெண்கள் விலக்கப்பட்டு 1907இல் சட்டம் நடப்புக்கு வந்தது.

அந்தப் போராட்டத்தை மானப் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது போதாது என்பேன். ஆளை உறுதி செய்யப் பெருவிரல் போதும், பத்து விரல் கேட்பது குற்றவாளியை வகைப்படுத்தத்தான் என்ற வாதம் அன்றே இந்தியர் தரப்பில் வைக்கப்பட்டது. கைரேகை பற்றிய ஹென்றியின் நூலைக் காந்தி படித்திருந்தார். தொழில்நுட்பத்தைப் புரிந்துகொண்டு அதன் நோக்கத்தைக் கேள்வி கேட்ட முதல் மக்கள் இயக்கங்களில் ஒன்றாக அதைக் கொள்ளலாம். 1908 ஜனவரியில் டிரான்ஸ்வால் அமைச்சர் ஸ்மட்ஸுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ளக் காந்தி பிப்ரவரி 10 அன்று கிளம்பியபோது, ரேகை கொடுப்பதை எதிர்த்த சொந்தத் தரப்பினரே அவரை அடித்து வீழ்த்தினர். உடன் சென்ற போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும் அடிபட்டார். சட்டம் திரும்பப் பெறப்படவில்லை என்றானதும், ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி முன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. சிறை சென்றவர்களில் தமிழர்களின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம். நாடு கடத்தப்பட்டுச் சென்னையில் வந்து இறங்கியவர்களுக்கு பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் உதவி செய்தார். எல்லையில் ரேகை கேட்கும் அரசியலின் முதல் பக்கங்களில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன.

அதன்பின் வெகுகாலம் எல்லைகள் புகைப்படம் ஒட்டிய கடவுச்சீட்டோடு நின்றன. ரேகைகளைத் தேடும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்ட பிறகுதான் கதை மறுபடி வேகம் பிடிக்கிறது. 2004 ஜனவரி 5 அன்று அமெரிக்கா, விசாவில் வரும் பயணிகளின் இரு ஆட்காட்டி விரல்களைப் பதியத் தொடங்கியது. விசா வாங்கியவரே வந்திருக்கிறாரா என்று பார்க்க இரண்டு விரல் போதும். ஆனால் 2007 நவம்பரில் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் பத்து விரல் பதிவு ஆரம்பமானது. பெரிய தரவுத்தளத்தில் பிழையின்றித் தேடவும், குற்றம் நடந்த இடங்களில் கிடைத்த ரேகைத் துண்டுகளோடு ஒப்பிடவும் பத்தும் வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. டிரான்ஸ்வாலில் நடந்த வாதத்தின் இரு பக்கங்களும் இதில் அப்படியே இருக்கின்றன. அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்பது விதி.

ஐரோப்பாவில் இதன் சுமையை நேராகச் சுமந்தவர்கள் அகதிகள். முதலில் நுழைந்த நாடே புகலிடக் கோரிக்கையை விசாரிக்க வேண்டும் என்பது டப்ளின் ஏற்பாடு. அதன்படி பிரிட்டன் தன்னை ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்புவதை எதிர்த்து ஓர் இலங்கைத் தமிழர் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2000இல் அவர் மனு ஏற்கப்படவில்லை. ஆனாலும் டப்ளின் ஏற்பாட்டைக் காட்டி எந்த நாடும் தன் பொறுப்பைக் கைகழுவ முடியாது என்று நீதிமன்றம் சொன்னது முக்கியமான முன்னுதாரணம். யார் முதலில் எங்கே நுழைந்தார் என்பதை நிறுவ 2003 ஜனவரி 15 அன்று யூரோடாக் என்ற ஐரோப்பிய ரேகைக் கிடங்கு இயங்கத் தொடங்கியது. 14 வயதுக்கு மேற்பட்டவர்களின் பத்து விரல்கள் அதில் ஏறின. புகலிடம் கேட்டவரின் பதிவுக்கு ஆயுள் பத்து ஆண்டுகள்.

அகதி விவகாரத்துக்கு மட்டும் என்று தொடங்கிய அந்தக் கிடங்கு, 2013இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 2015 முதல் காவல்துறைக்கும் திறந்தது. கொலை, பயங்கரவாதம் போன்ற கடுங்குற்றங்களுக்குத்தான் என்ற நிபந்தனை உண்டு. ஆனால் பாஸ்போர்ட்டோடு வாழும் ஐரோப்பியக் குடிமகனின் ரேகை அந்தத் தேடலுக்குள் வருவதில்லை. போரிலிருந்து தப்பி வந்தவரின் ரேகை வருகிறது. 2024இன் புதிய விதிகள் முகப் படத்தையும் சேர்த்து, வயது வரம்பை ஆறாகக் குறைத்தன. முறையான ஆவணமின்றி நுழைந்தவரின் பதிவு 18 மாதம் என்றிருந்தது ஐந்து ஆண்டுகளானது. டிரான்ஸ்வால் வரைவுகூட எட்டு வயதோடு நின்றது. தாயின் கையைப் பிடித்துப் படகிலிருந்து இறங்கும் ஆறு வயதுக் குழந்தையின் விரல்களைப் பாதுகாப்பின் பெயரால் பதிவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. காணாமல் போகும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க உதவும் என்கிறார்கள். அந்த நோக்கம் உண்மையானால் அதற்கு மட்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கலாம். விரல் நுனிகளைச் சுட்டுக்கொண்டும் அரத்தால் தேய்த்துக்கொண்டும் வந்த அகதிகளைப் பிரான்சின் கலே முகாம்களில் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைக் காணாமல் இல்லை. 2013இல் ஷ்வார்ட்ஸ் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், கடவுச்சீட்டில் இரு விரல் ரேகை பதிவதை அனுமதித்தது. ரேகை கடவுச்சீட்டின் சில்லில் மட்டும் இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பைத் தாங்கிய காரணங்களில் ஒன்று. சில்லில் இருப்பது பயணியின் பையில் இருக்கிறது. கிடங்கில் இருப்பது யார் கைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2019இல் அமெரிக்க எல்லைக் காவலின் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தன் கணினிக்கு அனுமதியின்றி நகலெடுத்து வைத்திருந்த பயணிகளின் முகப் படங்கள் திருடப்பட்டன. வங்கதேச முகாம்களில் ரோஹிங்கியாக்களிடம் சேகரித்த விவரங்கள், அவர்கள் எந்த அரசிடமிருந்து ஓடி வந்தார்களோ அந்த மியான்மர் அரசிடமே கொடுக்கப்பட்டன என்று 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது. முறைப்படி சம்மதம் பெற்றதாக ஐ.நா. அகதிகள் ஆணையம் பதில் சொன்னது. உணவு அட்டையும் அதே பதிவோடு சேர்ந்து வரும் இடத்தில் ஓர் அகதி எப்படி மறுப்பார்?

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம், நியாயமான நோக்கம், அளவுக்கு மீறாமை ஆகியவை வேண்டும் என்றது. இ-விசாவில் வரும் வெளிநாட்டவரின் விரல்களும் முகமும் நம் விமான நிலையங்களில் பதிவாகின்றன. நம் குடிமக்களுக்கான விரைவுப் பாதைத் திட்டம், பயோமெட்ரிக் பதிவோடு 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. அதில் சேருவது விருப்பம். ஆனால் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்க வழி செய்கிறது. நீதிமன்றம் சொன்ன அளவுக்கு மீறாமை என்ற அளவுகோலை அந்த அமைப்புகள் மீது வைத்துப் பார்க்க, அந்தச் சட்டத்துக்குள் சுயேச்சையான அமைப்பு எதுவும் இல்லை. விலக்கு வேண்டுமென்றால், எந்தத் தரவு, எந்த நோக்கத்துக்கு, எத்தனை ஆண்டு என்று நாடாளுமன்றத்தில் வைத்து எழுதித் தர வேண்டும். ஆவணத்தைச் சரிபார்க்க எடுத்த ரேகையை அந்த இடத்திலேயே அழிக்க வேண்டும்.