அபினிப் பதிவேட்டிலிருந்து லயன் அறைவரை

அபினி என்றதும் மார்க்சியம் பயின்ற வாசகருக்குச் சமயம் பற்றிய உவமையே முதலில் நினைவுக்கு வரும். அதே அபினியை உவமையாகவன்றி வணிகப் பண்டமாக நோக்கி, 1858 ஆம் ஆண்டிலே மார்க்ஸ் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதினார் என்பதை நாம் அத்துணை நினைவுகூர்வதில்லை. இந்தியாவில் அபினி உற்பத்தியைத் தனியுரிமையாக வைத்திருந்த ஆங்கில ஆட்சி, நாகரிகம் பற்றிப் போதித்தவாறே அதனால் வருவாய் ஈட்டிய முரண்பாட்டை அவர் அம்பலப்படுத்தினார். போதைப் பொருளைத் தனிமனிதரின் ஒழுக்கக் கேடாக மட்டும் காணாது, உற்பத்தி உறவுகளோடும் அரசோடும் இணைத்துக் காணும் அந்நோக்கே இச்சிறு ஆய்வுக்கும் அடிப்படையாகும்.

இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் 'தீங்குக் குறைப்பு' எனப்படும் பணியில் தொண்டர்களாக ஈடுபடுகின்றனர். அபினி வகைப் போதைக்கு அடிமையானவரிடம் 'முதலில் விட்டுவிடு' என்று நிபந்தனை விதிக்காது, அப்பழக்கத்தால் நேரும் மரணம், நோய், சிறை, அவமானம் ஆகியவற்றைக் குறைக்க முயல்வதே இக்கோட்பாட்டின் சாரம். 1984 இல் அம்ஸ்ரடாமில் போதைப் பாவனையாளரின் சங்கமே தூய ஊசிகளை வழங்கத் தொடங்கியது. நியூயோர்க்கில் 1960களின் நடுப்பகுதியில் ஆராயப்பட்ட மெதடோன் சிகிச்சை, காலப்போக்கில் மருத்துவ உலகின் ஏற்பைப் பெற்றது. 2005 இல் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இது மேலைநாட்டு இறக்குமதி, மலையகத் தோட்டங்களுக்குப் பொருந்தாது என்போர் உளர். நமது வரலாறு அக்கூற்றுக்கு இடந்தரவில்லை.

இலங்கையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அபினி அனுமதி பெற்ற கடைகளில் வெளிப்படையாகவே விற்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபோது 1907 இல் குடியேற்ற அரசு ஒரு குழுவை நியமித்தது. கடைகளை மூடுதல், விநியோகத்தை அரசே ஏற்றல், வழக்கமாக உண்போரைப் பதிவு செய்தல் என்பன அதன் விதந்துரைப்புகள். 1910 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இவ்வழியிற் சென்றது. அதன்படி, பதிவு செய்யப்பட்டவர் குற்றவாளியாகக் கொள்ளப்படவில்லை; அவர் வரையறுத்த அளவினைப் பெறலாம். இன்று புதுமை எனப்படும் முறையின் ஒரு நிழல் இந்நாட்டில் நூறாண்டுக்கு முன்னரே விழுந்தது. ஆயின் அதனை மனிதநேயம் எனக் கொண்டாடுவது பொருந்தாது. அப்பதிவேடு மனிதரை எண்ணியதேயன்றி, அவர் ஏன் அபினியை நாடினார் என்று வினவவில்லை.

தோட்டங்களில் அபினியைவிட ஆழமாக வேரூன்றியது சாராயம். சாராயக் குத்தகை ஏலத்தில் விடப்பட்ட காலத்தில், பெருந்தோட்டங்கள் பரவிய பகுதிகளில் தவறணைகளும் பெருகின. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் இக்குத்தகைக்கிருந்த பங்கினைக் குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். கங்காணியின் கடனும் தவறணையும் தொழிலாளியின் கூலியை இருபுறமிருந்தும் உறிஞ்சின. பெரட்டுக்களத்தில் விடியுமுன் தொடங்கிய உழைப்பு, குளிரும் புகையும் நிறைந்த ஒற்றை லயன் அறையில் முடிவுற்றது. களைப்பைப் போக்கவெனக் குடித்தவன் மறுநாள் வேலைக்குத் தயாராக்கப்பட்டான். வீட்டிலோ அவன் மனைவி இருமடங்கு சுமையைச் சுமந்தாள். கொழுந்து பறித்த கையே அடுப்பையும் மூட்டியது, அடியையும் தாங்கியது. போதை பற்றிய எவ்வாய்வும் இப்பெண்ணின் நிலையை மறத்தலாகாது.

1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி மலைநாட்டுக்கும் சென்றார்; மதுவை விட்டொழிக்கும்படி தொழிலாளரை வேண்டினார். அவ்வேண்டுகோளின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் உபதேசம் லயன் அறையின் சுவரை மாற்றவில்லை. 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் அமைத்தபோதுதான், தோட்டத் தொழிலாளி திருத்தப்பட வேண்டிய பாமரன் என்ற நிலை மாறி, உரிமை கோரும் மனிதனாகக் காணப்படலானான். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மனிதனை மீண்டும் நாடற்றவனாக்கியமை நாமறிந்ததே.

ஹெரோயின் 1980களில் இலங்கையில் பரவியபோது அரசு மேற்கொண்ட வழி தண்டனை வழியாகும். 1929 ஆம் ஆண்டு நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1984 இல் திருத்தப்பட்டு, ஹெரோயின் கடத்தலுக்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் கட்டாயப் புனர்வாழ்வுக்கு வழிவகுத்தது. 2022 யூனில் கந்தகாடு முகாமில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். 2023 திசெம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் சில வாரங்களுள் பல்லாயிரவர் கைதாயினர். கட்டாயமாகத் தடுத்து வைக்கப்பட்டு வெளியேறுபவரின் உடல் முன்னைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். பழைய அளவே அவருக்கு நஞ்சாகலாம். தண்டிப்பது காப்பதாகாது என்பதற்கு இவ்வுடலியல் உண்மையே போதிய சான்று.

இவ்விடத்தில் நாம் நம்மையும் விமர்சித்துக் கொள்ளல் வேண்டும். சுரண்டல் ஒழிந்தாற் போதையும் ஒழியும் என்று கூறி, இன்று லயனில் மூச்சுத் திணறிக் கிடப்பவனை நாளைய புரட்சிக்கு ஒத்திவைக்கும் போக்கு முற்போக்காளரிடையே இருந்துள்ளது. அது கோட்பாட்டின் பெயரால் நிகழும் கைவிடலாகும். மறுபுறம், கூலியையும் குடியிருப்பையும் தொடாத தீங்குக் குறைப்பு, தோட்ட நிருவாகத்துக்கு இடையூறு செய்யாத தருமமாகச் சுருங்கிவிடும். இரண்டினையும் ஒருசேரச் செய்வதே வரலாறு நமக்கு விதித்துள்ள பணி.

மாணவர் செய்யத்தக்கது யாது? முதலில் நிலைமையை உள்ளபடி அறிதல். இலங்கையில் ஹெரோயின் பெரும்பாலும் புகையாகவே உள்ளிழுக்கப்படுகின்றது. ஆகவே ஊசி வழங்கும் அயல்நாட்டு மாதிரியை அப்படியே பெயர்த்து வைத்தல் பயன் தராது. தோட்டத்தை விட்டுக் கொழும்பிற் கடைச் சிப்பந்தியாக இருந்து, போதைப் பழக்கத்தோடு லயனுக்குத் திரும்பும் இளைஞனிடம் பொலிஸ் பயமின்றிப் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். அளவு மிஞ்சி மூச்சுத் தளர்ந்தவரைத் தனியே விடாது பக்கவாட்டிற் கிடத்தவும், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்கவும் லயனில் உள்ளோர் அறிந்திருத்தல் வேண்டும். நலோக்சோன் என்னும் மருந்து அபினி வகை நஞ்சினை முறிக்கவல்லது என்ற அறிவும் பரவ வேண்டும். வைத்தியசாலைக்கு உடன் செல்லுதல், படிவத்தைத் தமிழில் விளக்குதல், கேட்டதை வெளியிற் சொல்லாதிருத்தல் என்பன சிறிய காரியங்களாகத் தோன்றலாம். ஓர் உயிர் அவற்றிலேயே தங்கியிருக்கக் கூடும்.

1960களில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களால் உந்தப்பட்ட மலையக மாணவ தலைமுறை, கற்றவர் லயனை மறந்து செல்லலாகாது என்ற உணர்வினைப் பெற்றது. இன்றைய மாணவர் பலர் அந்த லயன்களின் பிள்ளைகளே. அவர்கள் மீட்பராகச் செல்ல வேண்டியதில்லை. தம்பியாக, தங்கையாகச் சென்றாற் போதும். 1910 ஆம் ஆண்டுப் பதிவேடு போதைக்கு அடிமையானவனை அளவிட்டது. 1984 ஆம் ஆண்டுச் சட்டம் அவனை அச்சுறுத்தியது. அவன் உழைப்பாளி, அவன் வாழ்வதற்கு உரியவன் என்று கூறும் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதும் பொறுப்பு நம்முடையது.