ஸ்லோமோஷனைக் கண்டுபிடித்த பாதிரியார்

சினிமாவில் ஸ்லோமோஷன் எப்படி வருதுன்னு கேட்டா, விஷயம் ரொம்ப சிம்பிள். வினாடிக்கு 96 படமா எடுத்து, தியேட்டர்ல வழக்கம்போல வினாடிக்கு 24 படமா ஓட்டினா, ஒரு வினாடி நாலு வினாடியா நீளும். அவ்வளவுதான். கேமராவைக் கையால சுத்தின காலத்துல கொஞ்சம் வேகமா சுத்தினாலே போதும். (இன்னிக்கும் இதுக்கு ‘ஓவர்கிராங்க்’னுதான் பேரு. கிராங்க் போய் எத்தனையோ வருஷமாச்சு!)

ஆனா அந்த வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. சாதாரண கேமராவில் ஃபிலிம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒரு கணம் நின்று, படம் பதிந்ததும் இழுபட்டு, மறுபடி நிற்கும். இதை அளவுக்கு மீறி வேகப்படுத்தினால் ஃபிலிம் கிழிஞ்சிடும்.

இதுக்கு வழி கண்டவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிசிக்ஸ் வாத்தியாரும் கூட. பேரு அவுகுஸ்ட் முஸ்கர். வேடிக்கை என்னன்னா, அவர் தேடினது ஸ்லோமோஷனையே இல்லை! அந்தக் காலத்துல திரையில் படம் கண்ணு வலிக்கிற அளவுக்கு மினுக்கிக்கிட்டே இருக்கும். அதை ஒழிக்கத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டார்.

அவர் யோசனை இதுதான். ஃபிலிமை நிறுத்தவே வேண்டாம், பாட்டுக்கு ஓடட்டும். கண்ணாடிகள் பதித்த ஒரு உருளையை அதுக்கு ஏத்த வேகத்துல சுழலவிட்டா, ஒவ்வொரு கண்ணாடியும் பிம்பத்தை ஃபிலிமோடு கூடவே நகர்த்திக்கொண்டு போகும். கிளம்புற ரயிலோட கூடவே நடந்துக்கிட்டு, ஜன்னலோரம் இருக்கறவர்கிட்ட பேசுவோமே, அந்த மாதிரி. ஃபிலிமைப் பொறுத்தவரை பிம்பம் அசையாம நிக்குது, அதனால கலங்காம பதியுது. நிறுத்தி இழுக்கிற தொல்லை போனதால, வேகத்தை ஏத்திக்கிட்டே போகலாம்.

1904-ல் காப்புரிமை வாங்கினார். 1907-ல் கிராட்ஸில் செய்தும் காட்டினார். அப்புறம் வழக்கமான வில்லன், பணம். கட்டணம் கட்ட முடியாம 1912-ல் உரிமை கைவிட்டுப் போச்சு.

ஜெர்மனியில், டிரெஸ்டன் நகர எர்னமான் கேமரா கம்பெனியில் வேலை பார்த்த ஹான்ஸ் லேமன் அதே யோசனையை மேம்படுத்தி, 1914-ல் ஒரு கருவியை அறிமுகம் செய்தார். பேரு ‘ஸைட்லூப்பே’. காலத்துக்கான பூதக்கண்ணாடின்னு அர்த்தம். அருமையான பேரு, ஒத்துக்கறேன். உரிமை காலாவதியானதால முஸ்கருக்குச் சல்லிக்காசு தர வேண்டிய அவசியம் இல்லை. சட்டப்படி தப்பில்லைதான். எனக்கென்னவோ மனசு ஒப்பலை.

ஜெர்மன்காரங்க ஸ்லோமோஷனை இன்னிக்கும் அந்தப் பேரில்தான் சொல்றாங்க. பாதிரியார் 1929-ல் கிராட்ஸிலேயே காலமானார்.