படத்தோடு வராதவை: இயங்குதளங்களுக்கிடையே கணினி ஓவியக் கோப்புகள், 1984–2017

137, 80, 78, 71, 13, 10, 26, 10. பிஎன்ஜி வடிவிலுள்ள படக் கோப்பு எதுவானாலும் இந்த எட்டு எண்களோடுதான் தொடங்கும். இவற்றுள் 80, 78, 71 மூன்றும் வடிவத்தின் பெயரெழுத்துகள். மற்ற ஐந்தும் வழியில் கோப்புக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிவதற்காக வைக்கப்பட்டவை. வரி முடிவதைக் குறிக்க யூனிக்ஸ் 10 என்ற எண்ணையும், பழைய மேக் 13 என்ற எண்ணையும் எழுதின. டாஸும் விண்டோஸும் இரண்டையும் சேர்த்து எழுதின. படத்தை உரை என்று எண்ணிவிட்ட பரிமாற்ற மென்பொருள், நல்லது செய்வதாக நினைத்து ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடும். அப்படி மாற்றியிருந்தால் இந்த வரிசை குலைந்து காட்டிக்கொடுக்கும். எட்டாவது பிட்டை உதிர்த்துவிடும் தடத்தில் வந்திருந்தால் 137 என்பது 9 ஆகிவிடும். 26 டாஸுக்காக: யாராவது படத்தை உரைபோலத் திரையில் கொட்டினால், அந்த எண்ணோடு டாஸ் நின்றுவிடும்.

இவ்வளவு முன்னெச்சரிக்கைக்கும் பின்னால் பத்தாண்டுப் பட்டறிவு இருக்கிறது. ஒரு கணினியில் வரைந்த ஓவியம் மற்றொன்றில் சிதைவதற்குப் படப்புள்ளிகள் தொலைவது பெரும்பாலும் காரணமல்ல. முதல் கணினி கோப்புக்கு வெளியே, சொல்லாமலே வைத்திருந்த செய்திகள் கூட வருவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் கோப்புக்குள் கொண்டுவந்த முயற்சியாகவே இவ்வரலாற்றை இக்கட்டுரை காண்கிறது.

1984இல் மேக்கின்டாஷோடு வந்த மேக்பெயின்ட் பில் அட்கின்சனின் படைப்பு. அதன் தாள் 576 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் கொண்டது; வண்ணம் கறுப்பும் வெள்ளையும் மட்டும். இவ்வளவு எளிய படமும் டாஸுக்குப் போகத் திணறியது. கோப்பு எந்த வகை, எந்த மென்பொருள் அதைத் திறக்க வேண்டும் என்பதை மேக் கோப்பின் பெயரில் எழுதாமல் வட்டின் பதிவேட்டில் வைத்திருந்தது. மேலும் மேக் கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு: ஒன்றில் தரவு, மற்றதில் வளங்கள். டாஸ் அறிந்தது ஒரே கிளையைத்தான். எழுத்துருக்களோ முழுக்க வளக் கிளையில் இருந்ததால், பிசிக்குப் போனவுடன் 0 பைட் கோப்பாக நின்றன. இரு கிளைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டும் மேக்பைனரி 1985இல் வந்தது.

அதே 1985இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஜெர்ரி மாரிசன் ஐஎஃப்எஃப் என்ற பொதுவடிவத்தை அமைத்தார். துண்டுக்கு ஒரு நான்கெழுத்துப் பெயர், அடுத்து அதன் நீளம், பிறகு உள்ளடக்கம். புரியாத துண்டை மென்பொருள் தாண்டிப் போகலாம். இந்தத் துறையில் தோன்றிய கருத்துகளுள் மிக நீண்ட ஆயுள் இதற்குத்தான் என்பேன். மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் 1991இல் இதைப் பைட் வரிசை மாற்றி ரிஃப் ஆக்கின. இன்றைய வெப்பி படங்கள் அந்த உறைக்குள்தான் வருகின்றன.

பொதுவடிவத்துக்குள் வராத படங்களின் கதி என்ன என்பதற்கு ஆண்டி வார்ஹால் சான்று. 1985இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் அமிகா கணினி அறிமுகமானபோது, மேடையிலேயே பாடகி டெபி ஹாரியின் உருவத்தை அவர் அதில் தீட்டினார். அவருடைய அமிகா ஃபிளாப்பிகள் பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் உறங்கின. கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சலின் தூண்டுதலால் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அவற்றைப் படித்தெடுத்தனர். 28 படங்கள் கிடைத்த செய்தி 2014இல் வெளியானது. வட்டு பிழைத்திருந்தும் அது போதவில்லை. இன்றைய மென்பொருள் அறியாத வடிவில் படங்கள் இருந்ததால், அந்த வடிவத்தின் அமைப்பையே அவர்கள் பிரித்து ஆராய வேண்டியிருந்தது.

ஆல்டஸ் 1986இல் வெளியிட்ட டிஃப் வேறொரு சிக்கலைத் தொட்டது. பல பைட் கொண்ட எண்ணை இன்டெல் சில்லு சிறிய முனையிலிருந்தும், மோட்டரோலா பெரிய முனையிலிருந்தும் எழுதும். டிஃப் இரண்டையும் அனுமதித்து, முதல் இரு பைட்டுகளில் எது என்று குறித்தது. எழுதுபவருக்கு இது வசதி. படிக்கும் மென்பொருள்தான் இரண்டு வழியும் கற்றிருக்க வேண்டும். இது சரியான பங்கீடாக எனக்குப் படவில்லை. எழுதப்படுவது ஒருமுறை, படிக்கப்படுவது பலமுறை.

வெளிச்சமும் ஒரு சிக்கல். திரை வெளிச்சத்தைக் கணிக்கும் காமா எண்ணை மேக் 1.8 என்றும் விண்டோஸ் 2.2 என்றும் கொண்டதால், மேக்கில் வரைந்த படம் பிசியில் இருண்டது. மேக் 2.2க்கு மாறியது 2009இல்தான்.

ஜிஃப் வடிவின் சுருக்க முறைக்கு உரிமக் கட்டணம் உண்டு என்று 1994 இறுதியில் அறிவிக்கப்பட்டதும் பிஎன்ஜி வேலை தொடங்கியது. 1996இல் அது பரிந்துரைத் தரமானது. முன்சொன்ன குறைகள் பலவற்றுக்கும் அதில் விடை இருக்கிறது: பைட் வரிசை ஒன்றே, காமாவுக்கு ஒரு துண்டு, புள்ளியின் நீள அகல விகிதத்துக்கு இன்னொரு துண்டு. சதுரமல்லாத அமிகா புள்ளிகளும் இனி நசுங்க வேண்டியதில்லை.

எழுத்து கலந்த ஓவியங்களுக்கு இந்த நிம்மதி வரவில்லை. தமிழ் எழுத்துருக்கள் பல, 128 முதல் 255 வரையான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. அந்த இடங்களுக்கு மேக்கும் விண்டோஸும் வேறு வேறு எழுத்துகளைக் கொண்டிருந்தன; 233 விண்டோஸில் ஒரு பிரெஞ்சுச் சிற்றெழுத்து, மேக்கில் ஒரு பேரெழுத்து. மொழிபெயர்ப்பு அட்டவணை நடுவில் புகுந்தால் தமிழ் உருக்குலையும். 1999இல் டாம், டாப் என்ற பொதுத் தமிழ்க் குறியாக்கங்கள் வந்த பின்னும், அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைக் ‘கர்வ்’, அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிடுவதே வடிவமைப்பாளர்களின் வழக்கம். உருவம் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆனால் அது இனி எழுத்தல்ல. ஒற்றுப்பிழை ஒன்றைக்கூட அங்கே தட்டச்சிட்டுத் திருத்த முடியாது.

கடைசித் தடை கோப்பின் பெயர். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே எண்ணாக, அல்லது இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு எண்களாக. 1998இல் மேக் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது, திண்ணைப் பள்ளி வாத்தியார் கொம்பையும் காலையும் தனித்தனியே சொல்லிக்கொடுப்பதைப் போல. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் எழுதிய வடிவத்தை அப்படியே காக்கிறது. ஆனால் அதற்குள் பிரிந்த பெயர்கள் ஸிப் பொட்டலங்களில் ஏறி ஊர் சுற்றிவிட்டன. ‘கோலம்’ என்ற படத்தை இணைத்த பக்க வடிவமைப்பை லினக்ஸில் திறந்தால், அது பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது. அதே கோப்புறையில், அதே ஐந்து எழுத்து வடிவங்களோடு, ‘கோலம்’ கண்முன் நிற்கிறது.